பன்னிரண்டாவது ஃபாரம்

போன வாரம் நம் வாட்ஸாப் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள். புது நாவல் ஒன்று வந்திருக்கிறதாம், விலை எழுநூற்று ஐம்பதாம், யாரிடமாவது பி.டி.எஃப். இருந்தால் இந்தப் பக்கம் தள்ளிவிடுங்களேன் என்று. உடனே வரிசையாக எத்தனை பேர்! "எனக்கும்", "எனக்கும்", "என்னை மறந்துடாதீங்கடி". அடிப் பாவிகளா, மாசம் பிறந்தால் நம்மில் முக்கால்வாசிப் பேருக்குப் பென்ஷன் வருகிறது. நான் கோபமாக ஒரு வரி எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். ஏன் அழித்தேன் என்றால், அதற்கு முந்தின நாள்தான் நானே கடையில் நின்று அதே புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையில் விலையைப் பார்த்து, வைத்துவிட்டு, ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி எடுத்து, மறுபடி வைத்துவிட்டு வந்திருந்தேன். பில் போடுகிற பெண் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

புதுப் புத்தகம் என்றால் எனக்கு இன்றைக்கும் உடம்பு ஓர் இடத்தில் நிற்காது. கால் தானாக ஆடும். "அத்தே, செத்த உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்பாள் மருமகள். இது வயதுக் கோளாறு இல்லை. பத்து வயதில் ஓர் ஐப்பசி மாதத்தில் ஆரம்பித்தது. அதைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் யாரும் பூப்படம் அனுப்பாதீர்கள்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற தெரு எங்களுடையது. ஒட்டினாற்போல ஐந்து ஓட்டு வீடுகள், பின்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. அப்பா காலையில் மீட்டர் கேஜ் மின்சார வண்டியைப் பிடித்துப் பட்டணத்து ஆபீசுக்குப் போவார், திரும்பி வர ஆறரை ஆகும். ஐந்து வீட்டிலும் பெண்களுக்குப் படிக்கிற பைத்தியம். ஒரு வீட்டிலும் புத்தகம் வாங்கக் காசில்லை. வாரப் பத்திரிகை ஒன்றைச் சேர்ந்து வாங்கித் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்துக்கொண்டோம். நீங்களும் செய்ததுதானே. ஆனால் பத்திரிகையில் வராமல் நேராகப் புத்தகமாகவே வெளியாகிற நாவலுக்கு என்ன செய்வது? கிளை நூலகத்துக்கு அது வந்து சேர ஒன்றிரண்டு வருஷம் ஆகும். ஸ்டேஷன் பக்கத்தில் வாடகைக்குப் புத்தகம் விடும் கடைக்காரர் புதுசுகளையெல்லாம் தன் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். நம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது.

"புச்செல்லாம் டெபாசிட் கட்னவங்களுக்குத்தாம்மா. பொங்கல் தாண்டி வா, கெடைச்சாலும் கெடைக்கும்" என்பார்.

"பொங்கல் தாண்டினா அதுல கடைசிப் பக்கம் இருக்காது" என்று முனகிக்கொண்டே அம்மா என்னை இழுத்துக்கொண்டு வருவாள்.

அந்த ஐப்பசியில் வந்த நாவல், ஐந்து வீட்டுக்கும் உயிரான ஓர் எழுத்தாளருடையது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் குழுவில் அரை நாள் சண்டை ஓடும். விலை எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக் காய்கறிச் செலவுக்கு மேல். பொங்கல் வரை பொறுக்க ஒருத்தருக்கும் மனசில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரே பிரதியாக வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. இரண்டாவது வீட்டு மாமா பட்டணத்தில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்த்தார். பிரஸ் மாமா என்போம். அவர் போய்க் கொஞ்சம் கழிவு பேசி வாங்கி வந்தார். பழுப்புத் தாளைப் பிரித்ததும் வந்ததே ஒரு வாசனை! மையும் பசையும் புதுத் தாளும் கலந்தது. அம்மா புத்தகத்தை விரித்து முகத்தை உள்ளே வைத்துக்கொண்டாள்.

யார் முதலில் படிப்பது என்று உடனே தகராறு. முதல் வீட்டு டீச்சர், தான் ஒரே நாளில் முடித்துவிடுவதாகச் சொன்னார். "நீங்க முடிச்சிடுவீங்க, கதையையும் அன்னிக்கே எல்லாருக்கும் சொல்லிடுவீங்க" என்றாள் மூன்றாவது வீட்டு பாய் வீட்டு அக்கா. அவள் வீட்டுக்காரர் ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தார்.

பிரஸ் மாமா எல்லாரையும் கையமர்த்தினார். "இன்னாத்துக்கு சண்டை? இதுல இருபது ஃபாரம் கீது. ஒரு ஃபாரம்னா பதினாறு பக்கம். தையலைப் பிரிச்சிட்டா தனித்தனியா வந்துடும். நாளுக்கு ஒரு ஃபாரமா வூடு மாத்திகினே போங்க. எல்லாரும் முடிச்சதும் நானே தெச்சு, காலிகோ துணி அட்டை போட்டுக் குடுத்துர்றேன். புச்சை விட ஸ்ட்ராங்கா இருக்கும்."

அப்போதுதான் வாங்கிய புதுப் புத்தகத்தைப் பிரித்துப் போடுவதா என்று டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஆனால் வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. சீட்டு எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்கினார்கள். முதலில் டீச்சர், பிறகு பிரஸ் மாமா வீடு, பாய் வீட்டு அக்கா, கோடி வீட்டு அத்தை, கடைசியாக நாங்கள். கடைசியில் காத்துக் கிடப்பவர்களுக்கு ஈடாக, தைத்த புத்தகம் அவர்களுக்கே சொந்தம் என்றும் பேச்சு. நான் துள்ளினேன். எங்கள் வீட்டுக்கென்று சொந்தமாக ஒரு புதுப் புத்தகம்! அப்பாவின் பஞ்சாங்கத்தைத் தவிர எங்கள் வீட்டில் சொந்தப் புத்தகம் அதுவரை இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் வைத்துப் பிரித்தார்கள். மாமா அட்டையை உரித்து, முதுகுப் பசையை ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டி, ஒவ்வொரு ஃபாரத்தின் நடுவிலும் நூலை பிளேடால் அறுத்தார். ஒவ்வொன்றின் முதல் பக்கத்து அடியிலும் பொடியாக ஓர் எண் அச்சிட்டிருந்தது. கோடி வீட்டு அத்தை முன்னால் வந்து உட்கார்ந்து, அவற்றை வாங்கி வாங்கி, சத்தமாக எண்ணி அடுக்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. இருபது வரைக்கும். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்திரைக்குப் பிறகு அவள் குரலை அன்றைக்குத்தான் எல்லாரும் கேட்டோம்.

சித்திரையில் அத்தையின் ஒரே மகள் செத்துப்போனாள். ஒன்பது நாள் காய்ச்சல். அவளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பதினாறாம் நாள் முடிந்ததும் தெருவில் ஒரு சட்டம் வந்துவிட்டது. யார் போட்டது என்று தெரியாது, எல்லாரும் கடைப்பிடித்தார்கள். அத்தை காதுபட அந்தப் பேரைச் சொல்லக்கூடாது. அவள் போட்ட கோலம், அவள் பாவாடை, அவள் பாட்டு, எதையும் பேசக்கூடாது. அத்தை கிணற்றடிக்கு வந்தால் பெண்கள் சட்டென்று மண்ணெண்ணெய் வரிசையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். வீட்டிலும் நான் பேச்செடுத்தால் அம்மா கண்ணை உருட்டுவாள். எனக்கோ யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று உள்ளே கிடந்தது. அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

ஃபாரம் சுற்ற ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அந்தந்த வீட்டு ஃபாரம் அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஐந்தாம் நாள்தான் முதல் ஃபாரம் எங்கள் கைக்கு வந்தது. அதில் இருக்கிற கொடுமை என்ன தெரியுமா? பதினாறு பக்கத்துக்கு அத்தியாயம் தெரியாது, முற்றுப்புள்ளி தெரியாது. "அவள் கதவைத் திறந்தபோது வாசலில் நின்றிருந்தது" என்று முடியும். யார் நின்றிருந்தது? நாளைக்கு ஐந்தரை வரை தெரியாது! டீச்சருக்கு மட்டும் நான்கு நாள் முன்பே தெரியும். கிணற்றடியில் ஒரு மாதிரியாகச் சிரிப்பார். "சொல்லிடட்டுமா?" என்பார். "டீச்சர், வாயைத் திறந்தீங்க, குடத்தைத் தலையில கவுத்துடுவேன்" என்பாள் பாய் வீட்டு அக்கா. அம்மா குழம்பைத் தீய்த்தாள். அப்பா "இதுக்கு ஒரேயடியா வாடகைக்கே எடுத்திருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு, சட்டை மாற்றுமுன் அவரும் ஒரு பார்வை பார்த்துவிடுவார்.

மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் என்று லீவு விட்டுவிட்டார்கள். தெருவில் முட்டி அளவு செந்நீர். வீட்டுக்குள் அடைந்து கிடந்த எனக்கு இருந்த ஒரே வேலை, கோடி வீட்டுக்குப் போய் ஃபாரத்தை ரெக்சின் பையில் போட்டு வாங்கி வருவது. கதை பெரியவர்களுடையது, பாதி புரியாது, ஆனாலும் வாங்கி வருகிற வழியில் ஓட்டுச் சரிவுக்கு அடியில் சுவரோடு ஒட்டி நின்று நான்கு பக்கமாவது படித்துவிடுவேன். நாற்பதடி தூரத்துக்குக் கால் மணி நேரம்.

"போனமா, வாங்கினமா, வந்தமான்னு இருக்கணும். அவங்க வீட்ல உக்காந்து வாயாடாதே. பேரை எடுத்தே, தோலை உரிச்சிடுவேன்" என்று தினமும் அம்மா சொல்லித்தான் அனுப்புவாள்.

அத்தை என்னை உள்ளே கூப்பிடுவாள். "உள்ள வாயேண்டி, முறுக்கு இருக்கு" என்பாள். நான் வாசற்படியில் ஒரு காலை வைத்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, "இல்லத்தே, அம்மா தேடுவாங்க" என்பேன். அவள் ஃபாரத்தை நீட்டுவாள். நான் இழுப்பேன். ஒரு கணம் அவள் விடமாட்டாள்.

டீச்சர் பன்னிரண்டாவது ஃபாரத்தைப் படித்த அன்று பிற்பகலில் குடையோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். பிரஸ் மாமா மழைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். அவரையும் பாய் வீட்டு அக்காவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். கோடி வீட்டுக்கு மட்டும் ஆள் போகவில்லை. நான் சமையலறையில் கணக்குப் போடுகிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

கதையில் ஒரு சின்னப் பெண் காய்ச்சலில் படுத்திருக்கிறாள், அவள் பன்னிரண்டாவது ஃபாரத்தில் செத்துப்போகிறாள். பக்கம் பக்கமாக அவள் அம்மா அழுகிறாள்.

"பச்சைப் புண்ணு. அதுல போய் நாமளே குத்தணுமா? இப்பதான் நாலு வார்த்தை பேச ஆரம்பிச்சிருக்கா" என்றார் டீச்சர்.

"அதுக்குன்னு கதையைப் பாதியில நிறுத்தச் சொல்றதா?" என்றாள் அம்மா.

பிரஸ் மாமா தலையைச் சொறிந்தார். "இந்த ஒண்ணை மட்டும் எடுத்துட்டு பதினொண்ணு முடிஞ்சி பதிமூணைக் குடுத்துடுவோம். பைண்டிங்ல ஒரு ஃபாரம் உட்டுப்போறது எங்க பொழப்புல சகஜம். 'பிரஸ்லயே உட்டுட்டாங்க, மாத்தி வாங்கியாரேன்'னு நான் சொல்லிக்கிறேன். யாரு கேக்கப்போறாங்க?"

"எனக்கு இது சரியாப் படலக்கா" என்றாள் பாய் வீட்டு அக்கா. "அவங்க என்ன கொழந்தையா? எது வேணும் வேணாம்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"நீ சும்மா இரு. உனக்கு மூணு கொழந்தையும் நல்லா இருக்கு" என்றார் டீச்சர். அக்கா முகம் சுண்டிப்போய் எழுந்து போனாள்.

இப்போது நினைத்தாலும் எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அந்தச் சாவு வீட்டில் பதினாறு நாளும் இவர்கள்தான் முறை போட்டுச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவ்வளவு நல்ல மனுஷர்கள் சேர்ந்து இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய முடியும் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. புத்தகம் முழுசாகத் தைத்துக் கிடந்திருந்தால் இந்த யோசனையே யாருக்கும் வந்திருக்காது.

மற்ற வீடுகள் படித்து முடித்த பிறகு பன்னிரண்டாவது ஃபாரம் கோடி வீட்டைத் தாண்டி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். பீரோ அடித்தட்டில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ ஏதாவது உளறினே, புத்தகம் நம்ம வீட்டுக்குக் கிடையாது, தெரிஞ்சுக்கோ. டீச்சர் எடுத்துக்கட்டும்" என்றாள்.

பதிமூன்றை வாங்கப் போன அன்று அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். ஃபாரத்தை நீட்டவில்லை.

"பன்னெண்டு எங்கடி?"

"பிரஸ்ல விட்டுட்டாங்களாம் அத்தே. மாமா மாத்தி வாங்கிட்டு வருவாராம்." மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தேன். வலது கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"நான்தானேடி எண்ணினேன். இருபது இருந்துது."

நான் என் காலைப் பார்த்தேன்.

"பதினொண்ணுல அந்தப் பொண்ணு காய்ச்சல்னு படுத்திருக்கா. பதிமூணுல அவ இல்ல. பதினாறு பக்கத்துலயும் தேடிட்டேன். அவ அம்மா சமைக்கிறா, தண்ணி எடுக்கிறா, அந்தப் பொண்ணு பேரை ஒருத்தரும் எடுக்கல. அப்படி ஒரு பொண்ணு இருந்தான்னே யாருக்கும் தெரியாத மாதிரி எல்லாரும் பேசிக்கிறாங்க." அத்தை குரலை உயர்த்தவே இல்லை. "இங்க நடக்கிற மாதிரியேடி."

எனக்கு முழுக்கப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

"அது உங்க வீட்லதான் இருக்கும். கொண்டாந்து குடுப்பியா? எனக்கு அது வேணும்டி. அவளுக்கு என்ன ஆச்சுன்னு எழுதியிருப்பார். யாராவது எழுதினதையாவது நான் படிக்கணும்."

அன்று இரவு முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பக்கம் புத்தகம், எங்கள் புத்தகம், காலிகோ அட்டையில் என் பேரை எழுதப் பேனாகூடத் தயாராக வைத்திருந்தேன். இன்னொரு பக்கம் அத்தையின் முகம். மறுநாள் மத்தியானம் ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று அம்மா டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவள் தலை மறைந்ததுதான் தாமதம், பீரோவைத் திறந்து செய்தித்தாளைத் தூக்கி ஃபாரத்தை உருவினேன். பையைத் தேடக்கூட நேரமில்லை. பாவாடை மடிப்புக்குள் சுருட்டிக்கொண்டு மழையில் ஓடினேன். வழியில் நின்று படிக்கவில்லை. அந்த ஒரு ஃபாரத்தைத்தான் நான் வழியில் படிக்காமல் கொண்டு போனேன்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கேட்பீர்கள். புத்தகம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிரஸ் மாமா இருபது ஃபாரத்தையும் சேர்த்துத் தைத்ததும் அம்மாவே அதைக் கோடி வீட்டில் கொடுத்துவிட்டாள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். நான் ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. அடுத்த ஆனியில் அத்தையின் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து அவர்கள் வடக்கே போனபோது புத்தகமும் போய்விட்டது. பின்னால் அந்த நாவல் எத்தனையோ பதிப்பு வந்தது. நான் வாங்கவில்லை. அந்தப் பதினாறு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அத்தை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தாள். நான் முதல்முறையாக உள்ளே போய்ச் சுவரோரம் நின்றேன். என் தோழியின் பள்ளிப்பை அதே ஆணியில் தொங்கியது. அத்தை ஓர் இடத்தில் திரும்பிப் போய் மறுபடி படித்தாள். முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா எழுதியிருக்கார்" என்றாள். "அந்த அம்மா பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடறா. யாரும் அவ வாயை மூடல."

பிறகு தன் மகளின் பேரைச் சொன்னாள். ஆறு மாதம் கழித்து அந்தப் பேரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஸ்கூல்ல எப்படிடி இருப்பா? எனக்கு வீட்ல இருந்தவளைத்தான் தெரியும். ஸ்கூல்ல இருந்தவளை உனக்குத்தான் தெரியும். சொல்லு."

சொன்னேன். கணக்கை என்னைப் பார்த்து எழுதி என்னைவிட அதிக மார்க் வாங்குவாள் என்று சொன்னேன். பிரேயரில் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள், மாட்டிக்கொள்வது நான் என்று சொன்னேன். என் டிபனில் இருக்கும் வடுமாங்காயை வாங்கி, உறிஞ்சிவிட்டுக் கொட்டையைத் திருப்பித் தருவாள் என்று சொன்னேன். அத்தை ஒவ்வொன்றுக்கும் "ஆமாவா?", "அடிக் கழுதை" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நிறுத்த முடியாமல் நான் அந்தக் கடைசி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியாதது என்றேனே, அதை.

வகுப்பு நூலகத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு கதைப் புத்தகம் கொடுத்தார்கள். அவள் முதலில் படித்துவிட்டு, என்னை வெறுப்பேற்ற வேண்டும் என்று முடிவைச் சொல்லிவிட்டாள். "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன் போடி" என்றேன். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். நான் போகவில்லை. அவளாக வந்து பேசட்டும் என்று ஒன்பது நாளும் வீம்பாக இருந்தேன்.

அத்தை என்னைக் கிட்டே இழுத்து உட்கார வைத்தாள்.

"அவ உன்னைக் கேட்டாடி" என்றாள். "நாலாம் நாளு, அஞ்சாம் நாளு. 'அவ வரலியாம்மா, அவ வரலியாம்மா'ன்னு. நான்தான் உன்னைக் கூப்பிடல. ஒட்டிக்கும்னு பயம். உங்க அம்மாவுக்கும் ஒரே பொண்ணு. அவ போனதுக்கு அப்புறமும் உங்கிட்ட சொல்லல. சின்னப் பொண்ணு, இதைச் சொல்லி எதுக்கு அழவைக்கணும்னு."

"ஏன் சொல்லல?" எனக்கு அப்படி ஒரு கோபம் வரும் என்று எனக்கே தெரியாது. "ஏன் அத்தே சொல்லல? கூப்ட்டிருந்தா வந்திருப்பேனே! ஓடி வந்திருப்பேனே! அவ என்மேல கோவமா செத்துட்டான்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேனே!" அவள் தோளில் இரண்டு கையாலும் அடித்தேன். பெரியவர்களை அடிப்பதாவது! அவள் தடுக்கவில்லை.

"தப்புதான்டி. அவங்க எனக்குச் செஞ்சதைத்தான் நானும் உனக்குச் செஞ்சிருக்கேன். கோவமெல்லாம் இல்லடி அவளுக்கு. உன்னைப் பாக்கணும்னுதான் இருந்தா."

அழுதேன். பெஞ்சில் பக்கத்து இடம் காலியானபோது அழாதவள், பதினாறாம் நாள் அழாதவள், அன்றைக்கு விக்கி விக்கி அழுதேன். அத்தையும் அழுதாள். வாசலில் நிழல் தட்டியது. அம்மா. ஒரு கையில் மண்ணெண்ணெய் டின், ஒரு கையில் குடை. பீரோத் தட்டு கலைந்திருந்ததைப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறாள். என் முதுகைப் பார்த்துக் கையை ஓங்கினாள்.

"அவளை அடிக்காதீங்கக்கா. நான்தான் கேட்டேன்" என்றாள் அத்தை.

அத்தை மடியில் கிடந்த ஃபாரத்தை அம்மா பார்த்தாள். கை தானாகக் கீழே இறங்கியது. "தப்பா எடுத்துக்காதேம்மா. உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"தெரியும்க்கா. நீங்கள்லாம் இல்லன்னா நான் சாப்பிட்டே இருக்க மாட்டேன். ஆனா ஆறு மாசமா இந்தத் தெருவுல என் பொண்ணு பேரை ஒருத்தரும் சொல்லலக்கா. சில நாள் காலைல எழுந்தா, எனக்குக் கொழந்தை பொறந்துதா இல்லையான்னே சந்தேகம் வருது."

குடையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது. அம்மா டின்னை வாசலிலேயே வைத்தாள், குடையை மடக்கினாள், உள்ளே வந்து அத்தையின் பக்கத்தில் ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்தாள். என் தோழியின் பேரை முழுசாகச் சொன்னாள்.

"குன்றத்தூர்ல காது குத்தினப்போ ஆசாரி விரலைக் கடிச்சா பாரு, ஞாபகம் இருக்கா?"

"ரத்தமே வந்துடுச்சுக்கா!" என்றாள் அத்தை. "அந்த மனுஷன் தோட்டைப் போட்டுட்டு மலைப்படியில எறங்கி ஓடினாரு."

இந்தக் கதை எனக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை. நான் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அப்புறம்?" என்றேன்.